சிலையை எடுக்கணுமா, இருக்கட்டுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாடுகளில் பழைய சிலைகளை இறக்குகிறார்களே, எதற்காக?

அடிமை வியாபாரம், காலனி ஆட்சி, இன ஒடுக்குமுறை இவற்றில் பங்கு இருந்தவர்களின் சிலைகள்தான் பெரும்பாலும் இறங்குகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்டு கோல்ஸ்டனுக்கு 1895ல் வெண்கலச் சிலை வைத்தார்கள். அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்தவர், ஊருக்குத் தர்ம காரியங்களும் செய்தவர். பீடம் அவருடைய தர்மத்தை மட்டும் பேசியது. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் போராடி, நிர்வாகம் தீர்மானம் போட்டு, 2015 ஏப்ரல் 9ல் ஆங்கிலேயக் காலனி ஆட்சியை அங்கே விரித்த செசில் ரோட்ஸ் சிலையைக் கிரேன் வைத்து எடுத்தார்கள். அமெரிக்காவின் ரிச்மண்டில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காத்த தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீ சிலை, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த பிறகு 2021 செப்டம்பர் 8ல் இறங்கியது.

கூட்டம், தீர்மானம், தீர்ப்பு என்று மூன்று வழி. பின்னிரண்டுக்குத்தான் கையில் காகிதம் உண்டு.

அந்த விவாதம் நம் ஊருக்குப் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். அரூர், ஊத்தங்கரை, பாலக்கோடு, போச்சம்பள்ளி என்று எந்த நாற்சந்தியை எடுத்தாலும் நிற்பவர்கள் அம்பேத்கர், பெரியார், காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர். போன்றவர்கள். வெள்ளைக்காரத் தளபதி யாரும் வழியை மறிக்கவில்லை. இங்கே நடக்கிற சண்டையில், சிலையாக நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்பது அபூர்வமாகத்தான் பேச்சுக்கு வரும். அனுமதி வாங்கினார்களா, இது எந்தத் தெருக்காரர்களின் முக்கு, அவர்களுக்கு இருக்கிறது எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் பேச்சு. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். சிலை என்றதும் அதிகாரிகள் முதலில் சட்டம் ஒழுங்கைப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள். சிலை நிற்கும் நிலம் யாருடையது? சிலையாக நிற்பவர் அந்த மரியாதைக்கு உரியவரா? முதல் கேள்விக்கு வருவாய்த் துறை ஆவணத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஊர் கூடிப் பேசித்தான் பதில் காண முடியும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டுமே நிற்காது.

தமிழ்நாட்டில் இதற்கு முன் யாருடைய சிலையை எடுத்திருக்கிறார்கள்?

நமக்குச் சொந்தமான கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1857 எழுச்சியை அடக்கியபோது அலகாபாத், கான்பூர் பகுதிகளில் கொடூரமான தண்டனைகள் கொடுத்துப் பேர் வாங்கியவர் ஜெனரல் நீல். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை இருந்தது. 1927ல் அதை அகற்றக் கோரி சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள், சிலை அசையவில்லை. 1937ல் மாகாண ஆட்சிக்கு வந்த ராஜாஜி அரசு அதே ஆண்டில் அதை அங்கிருந்து எடுத்தது. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர் அவர் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிலை உருக்கப்படவில்லை. பின்னால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போராட்டத்துக்கும் அகற்றலுக்கும் நடுவில் பத்து ஆண்டு.

மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. போக்குவரத்து இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள், ஊர் நம்பவில்லை. 2006ல் ஆட்சி மாறியதும் ஜூனில் திரும்ப வந்தது. அதே 2006ல் காமராஜர் சாலையில் வைத்த சிவாஜி கணேசன் சிலை, நீதிமன்ற உத்தரவின்படி 2017 ஆகஸ்டில் அடையாறு மணிமண்டபத்துக்கு மாறியது. வருத்தம் இருந்தது, கலவரம் இல்லை. போக வேண்டிய இடம் தயாராக இருந்ததும், தீர்ப்பு எழுத்தில் இருந்ததும்தான் வித்தியாசம்.

நீல் போனார், தாமஸ் மன்றோ மட்டும் ஏன் சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்?

மன்றோவை இந்தப் பக்கம் மறக்க முடியாது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த மன்றோ தருமபுரியில் தங்கி நிலத்தை அளந்து வரி போட்டார். இடைத்தரகர் இல்லாமல் குடியானவனிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் இங்கே போடப்பட்டது. அவரும் கம்பெனி ஆள்தான், வரியும் கனமான வரிதான். ஆனாலும் குடியானவனிடம் நேரே பேசிய அதிகாரி என்ற நினைவு அவருக்கு ஒட்டிக்கொண்டது. எடுக்கச் சொல்லி நீலுக்கு எழுந்த மாதிரி இயக்கம் எழவில்லை.

அதே 1792 பற்றி இன்னொரு சிற்பம் உண்டு. அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். அது இன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போனால் காட்ட வேண்டிய கல் அது. நடுத்தெருவில் நின்றால் அவமானம், உள்ளே நின்றால் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013 ஜனவரி 18ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அடிப்படை. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், மற்றப் பொதுப் பயன்பாட்டு இடங்களில் இனிமேல் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ எந்த மாநில அரசும் அனுமதி தரக் கூடாது. தெருவிளக்கு, போக்குவரத்து வசதி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கேரளத்தில் சாலையில் ஒரு தலைவர் சிலை வைப்பது பற்றி எழுந்த பிரச்சினையில் வந்த உத்தரவு என்றாலும் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். ‘இனிமேல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு முன்பே இருந்த சிலைகளை அந்த உத்தரவே தானாக அகற்றிவிடாது.

2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், சாலைகளிலும் பொது இடங்களிலும் உள்ள சிலைகளைத் ‘தலைவர்கள் பூங்கா’ அமைத்து அங்கே மாற்றவும், பராமரிப்புச் செலவைச் சிலை வைத்தவர்களிடம் வாங்கவும் சொன்னது. நல்ல யோசனை. நாற்சந்திகளைப் பார்த்தால் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியும்.

அரசு நிலத்து ஆக்கிரமிப்பு என்றால் 1905ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பிரிவு 7ன்படி அறிவிப்பு, விளக்கம் கேட்டு, பிரிவு 6ன்படி அகற்றும் உத்தரவு. அறிவிப்பு கொடுக்காமல் எடுத்தால் நீதிமன்றத்தில் அதுவே ஓட்டை. தேசிய நெடுஞ்சாலை எல்லைக்குள் என்றால் 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும்.

சிலை நிற்கும் இடம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சர்வே எண். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம், இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் கொடுத்து ‘அ’ பதிவேட்டைப் பார்க்கலாம். அதில் சாலைப் புறம்போக்கா, நத்தமா, ஓடையா, பட்டாவா என்று இருக்கும். அடுத்து புலப்படம், அதாவது அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம். சாலையின் அகலம் அதில்தான் தெரியும். தார் போட்ட அளவுதான் சாலை என்று நினைப்பது எல்லோரும் செய்கிற தப்பு. தாருக்கு வெளியே செம்மண்ணில் நிற்கும் பீடம் சாலைப் புறம்போக்குக்குள் இருப்பது சகஜம். சந்தேகம் இருந்தால் நில அளவையரை வைத்து அளக்க விண்ணப்பியுங்கள். டேப் பிடித்து நீங்களே அளந்த கணக்கை எந்த அலுவலகமும் ஏற்காது.

அனுமதி இருந்ததா என்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ‘சிலை ஏன் வைத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டம் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் தராது. ‘இந்தச் சர்வே எண்ணில் சிலை அமைக்க வழங்கப்பட்ட அனுமதி ஆணையின் நகல்’ என்று கேளுங்கள்.

மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும்?

சாலை யார் கையில் இருக்கிறதோ அவரிடம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகப் போகும் 44ஆம் எண் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர். மாநில நெடுஞ்சாலை என்றால் கோட்டப் பொறியாளர். ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஓசூர் மாநகராட்சியிலும் மற்ற நகராட்சிகளிலும் ஆணையர். எதுவானாலும் ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில். ரசீது எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம் பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடும். தீர்மானத்தில் ‘அகற்ற வேண்டும்’ என்று மட்டும் எழுதி முடிக்காமல், எந்தச் சர்வே எண்ணுக்கு மாற்றுவது, செலவு யார் தருவது என்பதையும் எழுதுங்கள்.

மனு கொடுத்தும் ஏன் நகர்வதில்லை?

பெரும்பாலும் மனுவின் வாசகமே காரணம். ‘குறிப்பிட்ட பிரிவினர் வைத்த சிலை’ என்று எழுதிய நொடியில் அது நிலப் பிரச்சினையாக இருப்பது போய்விடும். கோப்பு காவல் துறைக்குத் திரும்பும், கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார், ‘தற்போதைய நிலை தொடரட்டும்’ என்று கையெழுத்தாகும். இன்னொரு காரணம், ஒரே சந்தியில் நான்கு சிலை இருக்க ஒன்றை மட்டும் சுட்டுவது. அந்தச் சாலையில் விதிமீறி நிற்கும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்தால்தான் நேர்மை, நீதிமன்றத்திலும் அதுதான் எடுபடும்.

சிலையைச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி?

முதலில் எதனால் ஆனது என்று பாருங்கள். தட்டினால் கணீர் என்று உள்ளே குழிவான ஓசை வந்தால் வெண்கலம், காந்தம் ஒட்டாது. மந்தமாக, லேசாக ஒலித்தால் ஃபைபர். வெண்கல நிறப் பெயிண்ட் அடித்த ஃபைபர் சிலைகள் இப்போது ஏராளம், வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். நம் கிராமங்களில் அதிகம் இருப்பது கம்பி கட்டிச் சிமெண்ட் பூசிய சிலை. எடுப்பதில் அதுதான் கஷ்டம்.

எடையைக் கணக்கிடாமல் வண்டி கூப்பிடாதீர்கள். ஒரு கன அடி கருங்கல் சுமார் 76 கிலோ. 4 அடிக்கு 4 அடி, 6 அடி உயரம் முழுக்கல் பீடம் என்றால் 96 கன அடி, ஏழு டன்னுக்கு மேல். பல பீடங்கள் உள்ளே செங்கல், வெளியே கிரானைட் பலகை, அவை எடை குறைவு. எட்டடி வெண்கலச் சிலை உள்ளே குழிவாக இருப்பதால் சில நூறு கிலோதான். 14 டன் ஹைட்ரா (நகரும் கிரேன்) என்றால் எந்த நிலையிலும் 14 டன் தூக்கும் என்று அர்த்தமில்லை. கையை நீட்ட நீட்டத் தூக்கும் திறன் மளமளவென்று குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் சுமை அட்டவணையைப் படித்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். இந்த மாவட்டத்தில் கிரானைட் பட்டறைகளில் தினம் பாறை தூக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பந்தல்காரர் கொண்டுவரும் கிரேனைவிட அவர்கள் கை நம்பகமானது.

வெண்கலச் சிலை பாதத்தின் அடியில் போல்ட்டிலோ, பீடத்துக்குள் இறக்கி அடைத்த கம்பியிலோ நிற்கும். சிமெண்ட் சிலையில் கால் கம்பியே பீடத்தின் தூண் கம்பியாகத் தொடரும். பிரேக்கர் வைத்துப் பாதத்தை ஒட்டி உடைத்தால் கணுக்கால் விண்டுவிடும். பாதத்துக்கு அரை அடி கீழே பீடத்தையே வட்டக் கத்தி மெஷினால் அறுத்து, அந்தப் பலகையோடு சேர்த்துத் தூக்குவதுதான் வழி.

கம்பிக் கயிறு வேண்டாம், அகலத் துணி பெல்ட் இரண்டு. ஒன்று அக்குளுக்குக் கீழே, ஒன்று இடுப்புக்குக் கீழே, இடையில் பழைய டியூப் ரப்பர். கழுத்தில் போட்டால் கழுத்து போகும். நீட்டிய கையில் போடவே கூடாது, சுட்டு விரலோடு நிற்கும் அம்பேத்கர் சிலையில் முதலில் போவது அந்தக் கைதான். வெண்கலத்தில் கை பெரும்பாலும் தனியாக வார்த்துப் பற்றவைத்ததாக இருக்கும். இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள், ஐந்து நிமிடம் பாருங்கள், சாய்வு இருந்தால் இறக்கிப் பெல்ட்டை மாற்றுங்கள். லாரியில் மணல் மூட்டை பரப்பி மல்லாக்கப் படுக்கவையுங்கள். நிற்கவைத்துக் கொண்டுபோனால் வழியில் மின்கம்பி இருக்கும். தூக்கும் இடத்தில் மேலே கம்பி போனால் மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

புதிய பீடத்தின் கான்கிரீட் குறைந்தது 7 நாள், முடிந்தால் 28 நாள் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். வெண்கலத்துக்குச் சாதாரண இரும்புக் கம்பி வைக்காதீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்பு வேகமாக அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வாங்குங்கள்.

இரவோடு இரவாக எடுத்தால் பிரச்சினை குறையாதா?

கூடும். காலையில் வெறும் பீடத்தைப் பார்க்கிறவனுக்கு ‘எடுத்தார்களா, உடைத்தார்களா’ என்று தெரியாது. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பதில் வந்திருக்கும். வெளிச்சம் வந்ததும் தொடங்கி, இரு தரப்பிலிருந்தும் ஆட்களை நிறுத்தி, நான்கு பக்கமும் கல்வெட்டுப் பலகையையும் படம் எடுத்து, வட்டாட்சியர் முன்னிலையில் மகஜர், அதாவது சாட்சிகள் கையெழுத்திட்ட நேரடிப் பதிவு, எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், உடைந்த மூக்குக் கண்ணாடி எல்லாம் மகஜரில் வர வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு உங்கள் தலையில் விழும்.

எடுத்த சிலையை எங்கே வைப்பது?

இடம் முடிவாகும் வரை எடுக்காதீர்கள். தாலுகா ஆபீஸ் பின்புறம் சாக்குப் போர்த்திக் கிடக்கும் சிலை அடுத்த போராட்டத்துக்கு விதை. கட்சி, சங்கம், குடும்பம் பட்டா நிலம் தருமானால் அது சுலபம். கலைமதிப்போ பழமையோ உள்ளது என்றால் அருங்காட்சியகம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஆனால் சமீபத்துச் சிமெண்ட் சிலையை அங்கே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். டெல்லியில் இந்தியா கேட் மண்டபத்திலிருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968ல் எடுத்து, பின்னர் கொரோனேஷன் பூங்காவில் மற்ற ஆங்கிலேயச் சிலைகளோடு நிறுத்திவிட்டார்கள். கோல்ஸ்டன் சிலையைப் பிரிஸ்டலில் தண்ணீரிலிருந்து எடுத்து, மேலே தெளித்த பெயிண்டைக் கழுவாமல், படுத்த நிலையிலேயே அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். அதைத் துப்புரவு செய்தபோது உள்ளேயிருந்து 1895ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது.

எடுக்காமல், பக்கத்தில் விளக்கப் பலகை வைத்தால் போதாதா?

சில இடத்தில் போதும், பலகையின் வாசகம் ஒத்துவந்தால். பிரிஸ்டலில் புதிய பலகை வைக்கப் பல மாதம் வாசகத்துக்கே சண்டை போட்டார்கள், பலகை வரவேயில்லை, சிலைதான் தண்ணீருக்குள் போனது. வைப்பதானால் நாலைந்து வரி, ஆண்டோடு, செய்ததும் பாதிக்கப்பட்டவர்களும். பெயரடைகள் வேண்டாம்.

சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடாதா?

நீல் சிலை போனதால் 1857ஐ யாரும் மறக்கவில்லை. சிலை ஒருவரைக் கொண்டாடுவதற்காக வைப்பது, வரலாற்றுக்கு ஆவணம் வேறு இருக்கிறது. ஆனால் எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடிக்காததை இறக்கிக்கொண்டே போனால் யார் மிஞ்சுவார் என்கிறார்கள். கானா பல்கலைக்கழகத்தில் 2016ல் வைத்த காந்தி சிலையை, தென்னாப்பிரிக்கக் காலத்தில் கறுப்பர்களைப் பற்றி அவர் எழுதியவற்றைக் காட்டி 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். கோல்ஸ்டன் சிலை விழுந்ததற்குக் கைதட்டியவர்கள் இங்கே என்ன சொல்வார்கள்? எங்கள் கணிப்பு, ஒருவர் எதற்காகச் சிலையாக நிற்கிறாரோ அந்தச் செயலே கொடுமையாக இருந்தால் எடுக்கலாம். நீல் அப்படித்தான். வேறு நல்ல காரியத்துக்காக நின்று, இன்னொரு பக்கம் குறை இருந்தால், குறையையும் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

நடுகல்லுக்கும் இதே விதியா?

இல்லவே இல்லை. இந்த இரு மாவட்டத்திலும் வேடியப்பன் என்று கும்பிடும் கல் பலவும் நடுகல்தான். மாடு மீட்டுச் செத்த வீரனுக்கு நட்டது, நூற்றாண்டுக் கணக்கில் பழசு. சாலை விரிவாக்கத்தில் ஜேசிபி முன்னால் அப்படி ஒன்று வந்தால் வேலையை நிறுத்தி, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். 100 ஆண்டு கடந்த சிற்பம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், உரிமமில்லாமல் வியாபாரம் செய்வதும் வெளிநாட்டுக்குக் கடத்துவதும் குற்றம். மேலே எண்ணெய், சுண்ணாம்பு ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். பூசை நடக்கும் கல்லை ஊர் சம்மதமில்லாமல் அருங்காட்சியகத்துக்கு ஏற்றுவதும் தப்பு.

யாராவது சிலையைச் சேதப்படுத்தினால் முதலில் என்ன செய்வது?

112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். பிறகு தொடாமல் விடுங்கள், பெயிண்ட் டப்பா, கல், கால்தடம் எல்லாம் சாட்சி. 2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலை விழுந்த செய்தி வந்த கையோடு, நமக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பத்தூரில் பெரியார் சிலையை உடைத்தார்கள். எங்கோ நடப்பது இங்கே எதிரொலிக்க ஒரு நாள் போதும். வழக்கமாகச் சேரும் பிரிவுகள், 1992 தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 324, பகை மூட்டும் நோக்கம் தெரிந்தால் 196. காவல் துறை விட்ட பிறகு சுத்தம் செய்யும்போது வெண்கலத்தில் ஆசிட் ஊற்றாதீர்கள், பச்சை பூத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

சிலை போனதும் பீடத்தை என்ன செய்வது?

அன்றைக்கே இடித்து, அடித்தளம் வரை தோண்டி, மண் இறுக்கி, மேலே தார் போட்டுவிடுங்கள். காலிப் பீடம் நின்றால் ஒரு வாரத்துக்குள் அதில் வேறு யாராவது ஏறி நிற்பார், மறுபடி ‘அ’ பதிவேடு, மனு, பேச்சுவார்த்தை. இடிக்கிற செலவையும் ஜேசிபி வாடகையையும் சிலை மாற்றும் மதிப்பீட்டிலேயே சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது, பின்னால் தனியாகக் கேட்டால் நிதி வராது.